ஓநாய்களைச் சுட்டால் கரிபூ பிழைக்குமா?

வடக்குவாசல் (தொடக்கப் பதிவு)

கனடாவின் இருபத்தைந்து சத நாணயத்தில் 1937 முதல் ஒரு கரிபூ மானின் தலை பொறிக்கப்பட்டு வருகிறது. இந்நாட்டில் வாழும் நம் எல்லோருடைய சட்டைப்பையிலும் அந்த மான் இருக்கிறது. காட்டில்தான் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. வடபுல ஊசியிலைக் காடுகளில் வாழும் கரிபூவை, அருகிவரும் உயிரினங்களுக்கான கூட்டாட்சிச் சட்டம் 2003-ஆம் ஆண்டிலேயே அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் கழிந்த இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் மேற்கு மாகாண அரசுகள் சுணக்கமின்றிச் செய்த ஒரே வேலை ஹெலிகாப்டரில் ஏறி ஓநாய்களைச் சுட்டதுதான் என்று நான் சொன்னால், அதில் மிகை சிறிதளவே இருக்கும்.

அல்பேர்ட்டாவின் லிட்டில் ஸ்மோக்கி என்னும் கரிபூ மந்தை வாழும் பகுதியில் 2005-இல் தொடங்கிய இந்த வேட்டையில், 2012-க்குள் 800-க்கும் மேற்பட்ட ஓநாய்கள் கொல்லப்பட்டன. சுட்டது போதாதென்று ஸ்ட்ரிக்னின் நஞ்சு வைத்த இறைச்சியும் போடப்பட்டது. அந்த நஞ்சுக்கு ஓநாய் எது, நரி எது, காக்கை எது என்று பிரித்தறியத் தெரியாது. இத்தனைக்கும் பிறகு மந்தை அழியவில்லை, ஆனால் பெருகவும் இல்லை. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கூட்டாட்சி அரசு 2012-இல் வெளியிட்ட மீட்புத் திட்டத்தின் கணக்குப்படி, அந்த மந்தையின் வாழ்பரப்பில் 95 விழுக்காடு ஏற்கெனவே குலைந்துபோயிருந்தது. வானிலிருந்து துப்பாக்கி வெடித்த அதே ஆண்டுகளில் கீழே எண்ணெய், எரிவாயுப் பணிகளும் மரவெட்டும் நடந்துகொண்டுதான் இருந்தன.

கரிபூவின் தற்காப்பு அதன் ஓட்டத்தில் இல்லை. ஒதுங்கி வாழ்வதில் இருக்கிறது. எண்பது, நூறு ஆண்டு முதிர்ந்த ஸ்புரூஸ் காட்டிலும், அதன் இடையே விரிந்து கிடக்கும் சதுப்புகளிலும், மற்றப் பெரிய விலங்குகள் பொருட்படுத்தாத லைக்கனைத் தின்று அது குளிர்காலத்தைக் கடத்துகிறது. (செட்டிநாட்டுச் சமையலில் மணத்துக்குப் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான்; அதையே வயிறு நிறையத் தின்று ஆறு மாதப் பனியைத் தாண்டலாம் என்பதுதான் கரிபூ கற்றுவைத்திருக்கும் வித்தை.) முதுகாட்டை வெட்டியவுடன் அங்கே ஆஸ்பெனும் வில்லோவும் தளிர்க்கின்றன. தளிரைத் தேடி மூஸ் என்னும் பெரிய மானும் வெள்ளைவால் மானும் வருகின்றன. அவற்றைத் தேடி ஓநாய் வருகிறது. மூஸ் பல சமயம் இரட்டைக் கன்றுகளை ஈனும். கரிபூ மூன்று வயதளவில்தான் ஈனத் தொடங்கும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு கன்றுக்கு மேல் ஈனாது. ஓநாய்க்கு மூஸ்தான் சோறு, கரிபூ தொடுகறி. சோறு பெருகப் பெருக உண்பவர் கூட்டமும் பெருகும். தொடுகறி மட்டும் பெருகாது.

ஆகவே ஓநாய் வேட்டையை இந்தக் குளிர்காலத்திலேயே நிறுத்த வேண்டும், அதற்குச் செலவாகும் பணம் முழுவதையும் முதுகாட்டைக் காப்பதற்குத் திருப்ப வேண்டும் என்பது என் நிலைப்பாடு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

மரவாடிக்காரன்

சோறும் தொடுகறியும் நல்ல உவமை. ஆனால் உவமை நன்றாக அமைந்ததாலேயே முடிவும் சரியாகிவிடாது. நான் வடமேற்கு ஒன்ராறியோவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மரத்தொழிலை நம்பி வாழ்பவன். ரொறன்ரோவிலிருந்து வரைபடத்தைப் பார்ப்பவர்களுக்கு வெறும் பச்சையாகத் தெரியும் இடத்தில்தான் என் வீடும் என் பிள்ளைகள் படித்த பள்ளியும் இருக்கின்றன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காடு முழுமையாக இருந்தால் ஓநாயும் கரிபூவும் சேர்ந்து வாழும் என்கிறீர்கள். சுப்பீரியர் ஏரியில் மிச்சிபிகோட்டன் என்றொரு தீவு உண்டு. அங்கே நூற்றுக்கணக்கான கரிபூ வாழ்ந்தன. அதை மரவெட்டு குலைக்கவில்லை. எண்ணெய்க் குழாயும் அங்கே இல்லை. 2014-ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் ஏரி உறைந்து பாலமானபோது சில ஓநாய்கள் அதைக் கடந்து போய்ச் சேர்ந்தன. நான்கே ஆண்டுகளில் கரிபூ ஒழிந்துபோகும் நிலை வந்து, 2018-இன் தொடக்கத்தில் எஞ்சிய சிலவற்றை ஹெலிகாப்டரில் தூக்கி வேறு தீவுகளுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அங்கே அழிவைச் செய்தது ஆலையா, ஓநாயா?

அடுத்து, அந்த 2012-ஆம் ஆண்டுத் திட்டத்தின் 65 விழுக்காட்டுக் கணக்கு. ஒவ்வொரு வாழ்பரப்பிலும் குறைந்தது 65 விழுக்காடு நிலம் குலையாமல் இருக்க வேண்டும் என்கிறார்கள். குலைவு என்பதை எப்படி அளக்கிறார்கள் என்பதை இந்த இழையைப் படிப்பவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? மனிதர் செய்த எதுவாக இருந்தாலும் அதன் இருபுறமும் 500 மீட்டரைச் சேர்த்துக் குலைவு என்று எழுதுவார்கள். ஆறு மீட்டர் அகலத்தில் ஒரு பாதை வெட்டினால், கணக்கில் அது ஒரு கிலோமீட்டர் அகலம். கடந்த 40 ஆண்டுகளில் தீ எரித்த நிலமும் குலைவுதான். 2023-இல் இந்நாட்டில் 1.5 கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்தது; இனி மரத்தை வெட்டாமல் இருந்தாலும் தீயே அந்த 35 விழுக்காட்டைத் தின்றுவிடும் பகுதிகள் உண்டு. தீ தின்றதற்கும் சேர்த்து ஆலையை மூடச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

கடைசியாக ஒன்று. கரிபூவின் தெற்கு எல்லை நேற்று இன்று பின்வாங்கவில்லை. ஒரு காலத்தில் மின்னசோட்டா, மிச்சிகன், மெயின் வரை இருந்த விலங்கு அது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. குளிர்காலம் தணியத் தணிய வெள்ளைவால் மான் வடக்கே ஏறுகிறது. அது தன் மூளையுறையில் சுமக்கும் புழு அதற்குத் தீங்கு செய்வதில்லை, நத்தை வழியாகக் கரிபூவுக்குத் தொற்றினால் கொன்றுவிடுகிறது. தெற்கோரத்தில் பத்து, இருபதென்று எஞ்சியிருக்கும் மந்தைகளுக்காகப் பணத்தையும் ஊர்களையும் பணயம் வைப்பதைவிட, வடக்கே வலுவாக இருக்கும் மந்தைகளின் காட்டை உறுதியாகக் காப்பதுதான் அறிவுடைமை. ஓர் ஊரில் ஆலை மூடினால் அடுத்து மூடுவது பள்ளிக்கூடம், அதற்கடுத்து மருந்துக்கடை. இந்த வரிசையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மலைச்சாரல்

இருவருக்கும் வணக்கம். நான் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வனவிலங்கு உயிரியல் படித்து, களப்பணியும் செய்துவருபவள். வடக்குவாசல் அவர்கள் சொன்ன காரணத்தை ஏற்கிறேன். அவர் கேட்கும் மருந்தை ஏற்க முடியவில்லை. ஐயா மரவாடிக்காரன் அவர்களிடம் இதற்கு நேர்மாறான சிக்கல் எனக்கு இருக்கிறது.

வெட்டிய காடு கரிபூவுக்கு உகந்த முதுகாடாக மாற அரை நூற்றாண்டுக்கு மேல் வேண்டும். மரத்தில் தொங்கும் லைக்கன் தாராளமாகத் திரள்வதற்கு அதையும் தாண்ட வேண்டும். சிறு மந்தைகளுக்கோ பத்து ஆண்டுகூடக் கையில் இல்லை. இன்றே கடைசி மரத்தையும் வெட்டாமல் நிறுத்திவிட்டாலும், ஏற்கெனவே வெட்டிய இடங்களில் மேயும் மூஸ் நாளைக்கு மறைந்துவிடாது, அதை நம்பிப் பெருகிய ஓநாயும் மறைந்துவிடாது. காடு வளரும்வரை மந்தையை யார் உயிரோடு வைத்திருப்பது?

இதற்கு விடையாகக் கிளின்சே-சா மந்தையைச் சொல்கிறேன். பீஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் முதியவர்கள், தங்கள் முன்னோர் காலத்தில் நிலமெங்கும் பூச்சிகளைப் போல நிறைந்திருந்ததாக நினைவுகூரும் கரிபூ அவை. 1968-இல் முடிந்த பென்னெட் அணையின் நீர்த்தேக்கம் அவற்றின் வழித்தடத்தை மூழ்கடித்தது. பின்னர் சுரங்கமும் மரவெட்டும் வந்தன. வெஸ்ட் மோபர்லி முதற்குடியினர் (அந்நிலத்தின் பழங்குடி மக்கள்) 1970-களிலேயே தாமாக வேட்டையை நிறுத்திக்கொண்டார்கள். உடன்படிக்கை தந்த உரிமையைக் கைவிட்டவர்கள் அவர்கள்தாம்; நிலத்தைத் தோண்டியவர்கள் எதையும் கைவிடவில்லை. 2013-இல் அந்த மந்தை 38 தலைகளாகச் சுருங்கியிருந்தது.

வெஸ்ட் மோபர்லி, சோல்டோ ஆகிய இரு முதற்குடியினரும் சேர்ந்து ஓநாய்களைக் குறைக்கத் தொடங்கினார்கள். 2014 முதல் மலைமேல் ஒரு பட்டியும் அமைத்தார்கள். சினையான பிணைகளை, அதாவது பெண் கரிபூக்களை, பனிக்காலத்தின் கடைசியில் வலைவீசிப் பிடித்து, மின்வேலி சூழ்ந்த அந்தப் பட்டியில் விட்டு, கன்று ஈன்று அது தாயோடு ஓடும் அளவுக்குக் கால் ஊன்றும்வரை, ஊர்க் காவலர்கள் இரவும் பகலும் அங்கேயே தங்கிக் காக்கிறார்கள். முதலில் தீனிக்கு ஊரார் கையால் பொறுக்கிச் சேர்த்த லைக்கன். சாக்குச் சாக்காக லைக்கன் பொறுக்குவது என்ன வேலை என்பது பொறுக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 2021-இல் மந்தை 101 ஆயிற்று. பட்டியை மட்டும் வைத்து இது நடந்திருக்காது. பட்டியிலிருந்து வெளியே விட்ட கன்று அதே ஓநாயிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

இப்போது எதிர்ப்பக்கம். அமெரிக்காவின் ஐடஹோ, வாஷிங்டன் மாநிலங்களுக்குள்ளும் போய்வந்த தென் செல்கர்க் மந்தையில் 2009-இல் 46 கரிபூ இருந்தன, 2014-இல் 18, 2018-இல் மூன்று, மூன்றும் பிணைகள். 2019 ஜனவரியில் கடைசி ஒன்றைப் பிடித்து வடக்கே ஒரு பட்டிக்குக் கொண்டுபோனார்கள். அலாஸ்காவைத் தவிர்த்த அமெரிக்காவில் கரிபூவின் வரலாறு அத்தோடு முடிந்தது. வேட்டையை நிறுத்துங்கள் என்று எழுதுவதற்கு ஒரு வரி போதும். அந்த வரியின் விலையை நாம் கொடுப்பதில்லை.

வடக்குவாசல்

மலைச்சாரல் அவர்களுக்கு நன்றி. ஆனால் தென் செல்கர்க்கில் நடந்ததை அவர் பாதியோடு நிறுத்திவிட்டார். அங்கும் 2015 முதல் ஓநாய்களைச் சுட்டார்களே! சுட்டும் மந்தை போய்விட்டது. இது என் பக்கத்துச் சான்றா, அவர் பக்கத்துச் சான்றா?

கிளின்சே-சாவைப் பற்றியும் ஒரு சொல். அந்த இரு முதற்குடியினரும் துப்பாக்கியோடும் பட்டியோடும் நின்றுவிடவில்லை. பர்ன்ட் பைன் என்ற பக்கத்து மந்தையின் நிலத்தில் நிலக்கரி தேட அனுமதித்ததை எதிர்த்து வெஸ்ட் மோபர்லியினர் வழக்காடினார்கள். 2011-இல் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் வென்றார்கள். 2020-இல் கூட்டாட்சி, மாகாண அரசுகள் இரண்டையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள். 2024-இல் வெறும் 2,700 ஹெக்டேராக இருந்த கிளின்சே-சா பூங்கா ஏறத்தாழ 2,00,000 ஹெக்டேராக விரிந்தது. நிலத்தைக் கேட்டு வாங்கிய பிறகே அந்த மந்தைக்கு நாளை என்று ஒன்று உண்டாயிற்று. லிட்டில் ஸ்மோக்கியில் நிலத்தைக் கேட்பவர் இல்லை. எனவே அங்கே ஒவ்வொரு குளிர்காலமும் சுட வேண்டியிருக்கிறது. ஒரு குளிர்காலம் விட்டாலும் ஓநாய்கள் திரும்பிவிடும். இதைக் கடனுக்கு வட்டி கட்டுவது என்பேன். ஆண்டுதோறும் வட்டி மட்டும் கட்டுகிறோம், அதையும் ஓநாயின் உயிரால் கட்டுகிறோம். அசல் ஏறிக்கொண்டே போகிறது.

மரவாடிக்காரன் ஐயாவுக்கு: மிச்சிபிகோட்டன் ஒரு தீவு. பெருநிலத்துக் கரிபூவுக்கு ஒதுங்க இடம் உண்டு, சதுப்பு உண்டு, ஏரி நடுவே திட்டுகள் உண்டு. அந்தத் தீவில் ஓநாய் வந்தபின் ஒதுங்க எங்கே இடம்? ஒதுங்க இடமில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான் அது சான்று. நாம் வெட்டும் பாதைகள் பெருநிலத்தையே அத்தகைய தீவுகளாக நறுக்குகின்றன.

65 விழுக்காட்டைப் பெரிய கெடுபிடியாகச் சொல்கிறீர்கள். அந்த அளவில் நிலம் குலையாமல் இருந்தால் ஒரு மந்தை தானாகத் தாக்குப்பிடிக்க 60 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதே அந்தத் திட்டம் சொல்வது. அதாவது, கரிபூ தலை பொறித்த அதே நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். இது உச்சவரம்பு அன்று, பேரம் பேசிக் குறைத்துக் குறைத்து அரசு வந்து நின்ற அடிவரம்பு.

குளக்கரை

நீண்ட நாளாக வாசிக்க மட்டும் செய்பவன். ஒரு கேள்வி கேட்கலாம் என்று நினைக்கிறேன். எல்லோரும் மரத்தையே பேசுகிறீர்கள். வடக்குவாசல் இருமுறை சதுப்பு என்று சொல்லிவிட்டுக் கடந்துபோனார். சேற்று நிலத்தில் ஒரு மான் எப்படிப் பிழைக்கும், அதை ஏன் காக்க வேண்டும், அங்கே மரமே பெரிதாக இல்லையென்றால் வெட்டவும் யாரும் வரமாட்டார்களே? அறிந்தவர்கள் விளக்கினால் நன்று.

மலைச்சாரல்

குளக்கரை அவர்களின் கேள்விதான் இந்த இழையில் முதலில் வந்திருக்க வேண்டியது.

வடபுலத்துச் சதுப்பு நம் ஊர்க் குளத்துச் சேறு போன்றதன்று. குளிரும் ஈரமும் சேர்ந்து மக்கவிடாமல் தடுக்க, ஸ்பாக்னம் என்னும் பாசி ஆண்டுக்கு ஒரு மெல்லிய படலமாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடுக்கி உண்டான நிலம் அது, பீட் என்பார்கள். காலை வைத்தால் மெத்தை போல அமிழும். கறுப்பு ஸ்புரூஸ் அங்கே நூறு ஆண்டு நின்றும் ஆள் உயரத்தைச் சற்றுத்தான் தாண்டியிருக்கும். மூஸுக்கு அங்கே நல்ல தீனி இல்லை, எனவே ஓநாய்க்கும் பெரிய வேலை இல்லை. கரிபூவின் விரிந்த குளம்புக்கோ அந்தத் தரை ஒரு பொருட்டே அன்று. வசந்தத்தின் கடைசியில் பிணைகள் கூட்டத்தை விட்டுத் தனித்தனியே பிரிந்து, இத்தகைய சதுப்பின் நடுவிலுள்ள மேட்டிலோ ஏரித் திட்டிலோ ஈனுகின்றன. நெருங்கி வாழ்ந்து ஒன்றையொன்று காப்பது அவற்றின் வழியன்று; தேடுபவன் களைத்துப்போகும் அளவுக்குச் சிதறி வாழ்வதே வழி.

இனி, அங்கே வெட்ட வருபவர் உண்டா என்ற கேள்வி. மரத்துக்காக வருவதில்லை. நிலத்தடியில் எண்ணெய் இருக்கிறதா என்று அதிர்வலை அனுப்பிப் பார்ப்பதற்காக, அல்பேர்ட்டாவின் வடக்கில் பல பத்தாண்டுகளாக நேர்கோட்டில் பாதைகள் வெட்டினார்கள். வானிலிருந்து பார்த்தால் யாரோ அடிக்கோல் வைத்துக் கீறியதுபோல இருக்கும். மேட்டு நிலத்தில் வெட்டிய கோடு சில பத்தாண்டுகளில் மூடிக்கொள்ளும். சதுப்பில் வெட்டியது மூடுவதில்லை; ஏனென்றால் கனரக இயந்திரம் ஏறியதும் பாசிப் படுகை அமுங்கி, தரை நீர்மட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. அதில் விழும் ஸ்புரூஸ் விதை முளைத்தாலும் வேர் நீரில் மூழ்கி அழுகும். ஐம்பது ஆண்டுக்கு முன் வெட்டிய கோடு இன்றும் திறந்தே கிடக்கும் இடங்கள் உண்டு. அந்தக் கோட்டில் ஓநாய் காட்டுக்குள் நடப்பதைவிட இரண்டு, மூன்று மடங்கு வேகமாகப் போகிறது. தேடுபவன் களைத்துப்போவான் என்ற நம்பிக்கையில் வாழும் விலங்குக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

ஐயா மரவாடிக்காரன் அவர்கள் கேலி செய்த 500 மீட்டரின் காரணமும் இதுவே. பாதையின் அகலம் ஆறு மீட்டர்தான். அதன் அச்சம் ஆறு மீட்டரில் நிற்பதில்லை. நாடெங்கும் இருபதுக்கும் மேற்பட்ட மந்தைகளில் எத்தனை கன்றுகள் பிழைக்கின்றன என்ற தரவோடு பொருத்திப் பார்த்தே அந்த அளவைத் தேர்ந்தார்கள். தீயைப் பற்றி அவர் சொன்னதில் மட்டும் நியாயம் இருக்கிறது. சஸ்காச்சுவனின் வடக்கே தீ அடிக்கடி எரித்தும் மனிதர் வெட்டிய பாதை மிகக் குறைவாக உள்ள பகுதியில் கரிபூ நன்றாகவே இருக்கிறது. அதனால் 2020-இல் திருத்திய திட்டத்தில் அந்த ஒரு பகுதிக்கு மட்டும் 65 என்பதை 40 ஆக்கினார்கள். ஆனால் அதிலிருந்து கிடைக்கும் முடிவு அவர் விரும்புவதன்று: தீயை ஓரளவு பொறுக்கும் கரிபூ, பாதையைப் பொறுப்பதில்லை.

நெறியாளர்

நீக்கப்பட்ட இரண்டு பதிவுகள் தனிப்பட்ட ஏச்சு என்பதால் நீக்கப்பட்டன. ரொறன்ரோவில் இருப்பவர், வடக்கே இருப்பவர் என்ற முகவரி வாதத்தை விட்டுப் பொருளைப் பேசுங்கள்.

மரவாடிக்காரன்

நெறியாளருக்கு: முகவரியைத் தொடங்கிவைத்தவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். சஸ்காச்சுவனைப் பற்றிய விளக்கத்துக்கு மலைச்சாரல் அவர்களுக்கு நன்றி. பாதைதான் முதற்பகை என்றால், பேச்சு எங்கள் ஆலைவாசலை விட்டு வேறு திசைக்குப் போயாக வேண்டும்.

ஹட்சன் விரிகுடாத் தாழ்நிலம் மூன்று லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட சதுப்பு. அங்கே மரவெட்டு இல்லை. அதன் நடுவில், தண்டர் பே நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 500 கிலோமீட்டரில், நெருப்பு வளையம் என்று பெயரிட்ட பகுதியில் குரோமைட்டும் நிக்கலும் கிடக்கின்றன. மின்கார் பேட்டரிக்கு நிக்கல் வேண்டும் என்று நகரத்தவர் கேட்கிறார்கள். அதற்காக இப்போது அந்தச் சதுப்பின் குறுக்கே எல்லாப் பருவத்துக்குமான சாலை வரப்போகிறது. 2025-இல் ஒன்ராறியோ அரசு தன் 2007-ஆம் ஆண்டு அருகிவரும் உயிரினச் சட்டத்தையே விலக்கி, அதனிடத்தில் இளகிய வேறொன்றைக் கொண்டுவர வழி செய்தது. சாலையைக் கேட்பவர்கள் நாங்கள் மட்டும் அல்லர். சாலை வேண்டும் என்று அதன் ஆய்வை முன்னின்று நடத்துபவர்கள் வெபெக்வீ, மார்ட்டன் ஃபால்ஸ் முதற்குடியினர். 1995 முதல் கொதிக்கவைக்காத குழாய்நீரைக் குடிக்க முடியாமல் இருக்கும் நெஸ்கான்டாகா முதற்குடியினரோ எதிர்க்கிறார்கள். முதற்குடி மக்கள் என்று ஒரே சொல்லில் எல்லோரையும் ஒரு பக்கம் நிறுத்திவிட முடியாது என்பதை மலைச்சாரல் அவர்களும் அறிவார்.

கியூபெக்கையும் பாருங்கள். வல்-டோர் மந்தையில் எஞ்சிய ஏழையும் 2020-இல் வேலிக்குள் அடைத்தார்கள்; 2022-இல் ஷார்லவுவா மந்தையை முழுவதுமாக அடைத்தார்கள். 2024-இல் கூட்டாட்சி அமைச்சர் அவசர ஆணை பிறப்பிப்பேன் என்றதும், மரத்தொழில் ஊர்களெல்லாம் தெருவுக்கு வந்தன. அருகிவரும் உயிரினங்களுக்கான கூட்டாட்சிச் சட்டம் வந்ததிலிருந்து அதுவரை அவசர ஆணை இரண்டே முறைதான் வந்திருக்கிறது: 2013-இல் ஒரு புல்வெளிக் கோழிக்காக, 2016-இல் மொன்றியல் அருகே ஒரு சிறு தவளைக்காக. கரிபூவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால், கரிபூவின் நிலத்தில்தான் வாக்காளர்களின் வேலை இருக்கிறது. இதை வருத்தமின்றிச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம்.

வடக்குவாசல்

ஆலையைக் கரிபூவா மூடியது? டெரஸ் பே ஊரின் காகிதக்கூழ் ஆலை 2024 ஜனவரியில் நின்றபோது சொன்ன காரணம் சந்தை நிலவரம். செய்தித்தாள் அச்சு சுருங்கியது, அமெரிக்கா மரத்தின்மேல் வரி போட்டது. இந்த இரண்டிலும் மானுக்குக் கொம்பளவு பங்கும் இல்லை. மரத்தொழிலும் சூழல் அமைப்புகளும் உடன்பட்டுப் போகவே முடியாது என்பதும் பொய்: 2010-இல் 21 நிறுவனங்களும் 9 அமைப்புகளும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது நிலைக்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் மேசை என்று ஒன்று இருந்தது.

நெருப்பு வளையத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். ஏறத்தாழ 3,000 கோடி டன் கரிமத்தைத் தன்னுள் புதைத்துவைத்திருக்கும் சதுப்பைக் கீறி, காற்றைக் காக்கும் கார் செய்வது என்பது எனக்கும் தொண்டையில் சிக்குகிறது. தெற்கைக் கைவிட்டு வலுவான வடக்கைக் காப்போம் என்று முதற்பதிவில் எழுதினீர்கள், ஐயா. அந்த வலுவான வடக்கு இதுதான். அங்கேயே சாலை போகிறது என்றால், தெற்கை விட்டுக்கொடுத்து நாம் பெறப்போவது எது?

ஓநாய் விவகாரத்தில் மலைச்சாரல் அவர்களின் வாதத்துக்குப் பணிந்து என் முதற்பதிவின் கடைசிப் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன், ஆனால் முழுவதுமாக அன்று. நஞ்சு எந்த நிலையிலும் கூடாது. சுடுவதென்றால், எந்த வாழ்பரப்பில் சுடுகிறார்களோ அங்கே அந்த ஆண்டு புதிதாக ஒரு பாதையும் வெட்டக் கூடாது. எத்தனை ஓநாய் சுட்டோம் என்று வெளியிடும் அதே தாளில் எத்தனை கிலோமீட்டர் பழைய கோட்டை மூடினோம் என்பதையும் வெளியிட வேண்டும். இரண்டாவது எண் பூச்சியமாக இருந்தால் முதலாவது எண்ணும் பூச்சியமாகட்டும்.

மலைச்சாரல்

இந்த நிபந்தனையோடு எனக்கு உடன்பாடு. மூடும் வேலை என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் தரை உறைந்திருக்கும்போது அகழும் இயந்திரத்தைக் கொண்டுபோய், கோடு நெடுகப் பாசித் தரையைத் தோண்டி மேடு மேடாகக் கவிழ்த்துவைப்பார்கள். நாற்றின் வேர் நீருக்கு மேலே நிற்க அந்த மேடு வேண்டும். பிறகு ஓநாய் நேராக ஓடமுடியாதபடி ஓரத்து மரங்களைக் குறுக்கே சாய்ப்பார்கள். மேட்டில் கறுப்பு ஸ்புரூஸ் நடுவார்கள். கிலோமீட்டருக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். நட்டது நிழல் தர நம் ஆயுள் போதாது.

தென் செல்கர்க்கைப் பற்றிய கேள்விக்கும் விடை சொல்லாமல் போக மாட்டேன். பதினெட்டுத் தலை எஞ்சிய பிறகு சுடத் தொடங்கினால் ஒரு பனிச்சரிவோ ஒரு மலைச்சிங்கமோ போதும், கணக்கு முடிந்துவிடும். பான்ஃப் பூங்காவின் கடைசிக் கரிபூக்கள் 2009-இல் பனிச்சரிவில்தான் மாண்டன. அது உங்கள் பக்கத்துச் சான்றும் அன்று, என் பக்கத்துச் சான்றும் அன்று. காலம் கடந்ததற்கான சான்று.

மரவாடிக்காரன்

உறைந்த தரையில் அகழும் இயந்திரம் ஓட்டத் தெரிந்தவர்கள், ஆலை நின்றதால் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள், எங்கள் பக்கத்து ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கோடு மூடும் வேலைக்கு அவர்களை அமர்த்துவதென்றால் முதல் கையெழுத்து என்னுடையது. 65-ஐ நான் இன்னும் ஏற்கவில்லை. அதை எல்லா இடத்துக்கும் ஒரே அளவாக வைப்பது தவறு என்பதற்குச் சஸ்காச்சுவனே போதும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பழைய மரவெட்டுப் பாதைகளை மூடப்போகிறோம் என்று அறிவித்தால் முதலில் சண்டைக்கு வருபவர் ஆலைக்காரர் அல்லர். பனிவண்டி ஓட்டுபவர்களும், இலையுதிர்காலத்தில் மூஸ் வேட்டைக்கு அந்தப் பாதைகளிலேயே போகிறவர்களும்தான் வருவார்கள். அவர்களில் நானும் ஒருவன். என் உறைபெட்டியில் இப்போது இருப்பதும் அந்தப் பாதை வழியே வந்த இறைச்சிதான். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.